எதற்காக ஆரம்பித்தோம்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவையொட்டி நடந்த தலைமைப் பயிற்சி நாளில் பேசியது)



"தொழிலிலும் ஊழியத்திலும் கிறிஸ்தவத் தலைமை" என்று எனக்குத் தலைப்பு கொடுத்தார்கள். அதைக் கேட்டதும் எங்கள் பக்கத்துக் குழு அக்கா ஒருவர், "என்னம்மா, எங்க எல்லாரையும் சர்ச்சுக்குக் கூப்பிடப் போறியா?" என்று சிரித்தார். இல்லைக்கா, பயப்படாதீங்க. ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவர்களும், நோன்பு இருக்கிறவர்களும், ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிற என்னைப் போன்றவர்களும் இங்கே ஒரே பாயில் உட்கார்ந்துதான் சேமிப்புக் கட்டுகிறோம். என் விசுவாசத்திலிருந்து நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் வந்தேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று மதியம் பொதுக்குழுவில் நாம் முடிவு செய்யவேண்டிய காரியத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. அங்கே கடைசியில் வருகிறேன்.

பைபிளில் ஒரு சம்பவம் வருகிறது. இயேசுவின் சீடர்களில் இரண்டு பேர், அண்ணன் தம்பி, அவரிடம் தனியாக வந்து, "உங்களுக்கு ராஜ்யம் வரும்போது வலது பக்கம் ஒருத்தர், இடது பக்கம் ஒருத்தர், எங்க ரெண்டு பேருக்கும் நாற்காலி வேணும்" என்கிற மாதிரி கேட்கிறார்கள். மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வந்துவிட்டது. நம்ம பொறுப்பாளர் தேர்தல் நாள் மாதிரியே இல்லையா! அவர் அவர்களை உட்காரவைத்துச் சொன்னது இதுதான்: உங்களில் பெரியவனாக ஆசைப்படுகிறவன் மற்றவர்களுக்கு வேலைக்காரனாக இருக்கட்டும், நானும் சேவை செய்யத்தான் வந்தேன், சேவை வாங்க வரவில்லை. கடைசி ராத்திரி அவரே தண்ணீர் எடுத்து வந்து சீடர்களின் காலைக் கழுவினார். கிறிஸ்தவத் தலைமை என்று யார் எத்தனை மணி நேரம் பேசினாலும், சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வரவேண்டும்.

இதைக் கேட்க நன்றாக இருக்கிறது. நடத்திக் காட்டுவது எப்படி? சம்பளம் கொடுக்கவேண்டும், கட்டடம் கட்டவேண்டும், கணக்கு எழுதவேண்டும், கடன் வாங்கவேண்டும் என்று வந்துவிட்டால் காலைக் கழுவுகிற மனசு எங்கே நிற்கும்? இதற்கு நான் வெளிநாட்டு உதாரணம் தேடவில்லை. பஸ் ஏறினால் வந்துவிடுகிற வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியையே எடுத்துக்கொள்கிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது அங்கே வரிசையில் நின்றிருப்போம். அதை ஆரம்பித்தது ஒரு பெண்.

ஐடா ஸ்கடர். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா எல்லாரும் அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனெரி டாக்டர்கள். இந்தப் பெண்ணுக்கோ இந்த ஊர் வெயிலும் பஞ்சமும் வேண்டாம், அமெரிக்காவில் போய் வாழவேண்டும் என்றுதான் ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்த சமயம், ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டுகிறார்கள். மனைவிக்குப் பிரசவ வலி, நீங்கள் வரவேண்டும் என்று இந்த இளம்பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். "எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவர் வருவார்" என்கிறார். ஆண் டாக்டர் வீட்டுப் பெண்ணைத் தொடக்கூடாது என்று மூன்று பேருமே திரும்பிப் போய்விடுகிறார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

அதன் பிறகுதான் அவர் டாக்டருக்குப் படிக்கப் போனார். 1899-ல் அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் வருஷங்கள் அவை. 1900-ல் வேலூரில், அப்பா வீட்டிலேயே ஒரு சின்ன அறையில், ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். வந்த கொஞ்ச மாதத்திலேயே அப்பாவும் இறந்துவிட்டார். கூட மாட ஒத்தாசைக்கு வீட்டில் இருந்த சலோமி என்கிற பெண்தான். படிக்காத அந்தப் பெண்ணுக்குக் கருவிகளை எடுத்துக் கொடுக்கவும் சுத்தம் செய்யவும் சொல்லிக்கொடுத்து, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முதல் ஆபரேஷனைச் செய்தார். 1902-ல் நாற்பது கட்டில் ஆஸ்பத்திரி எழும்பியது. நியூயார்க்கில் ஷெல் என்கிற வங்கிக்காரர் இறந்துபோன தன் மனைவி பேரில் கொடுத்த 10,000 டாலரில் கட்டியது அது. ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்கிறோமே, அதேதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். ஏனென்றால் நம்மில் பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுவோம். ஆஸ்பத்திரி வந்தாச்சு, பேரு வந்தாச்சு, கூட்டம் வருது. போதாதா? அவருக்குப் போதவில்லை. "ஆஸ்பத்திரி நடத்துவது" அவருடைய நோக்கமாக இருந்திருந்தால் போதியிருக்கும். பெண் டாக்டர் இல்லாததால் ஒரு பெண்கூட சாகக்கூடாது என்பதுதான் அவருடைய நோக்கம். அந்தக் கணக்கில் பார்த்தால் நாற்பது கட்டில் என்ன, நானூறு கட்டில் இருந்தாலும் பற்றாது. அவர் ஒருத்தி எத்தனை வீட்டுக்குப் போவார்? அதனால் 1909-ல் நர்ஸ் படிப்பு ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். பணமும் ஆளும் கிடைக்காத காலம். நம் ஊர்ப் பெண்கள் டாக்டருக்குப் படிக்க வருவார்களா என்று கேட்டவர்கள் உண்டு. முதல் செட்டில் 14 பெண்கள் படித்து முடித்து வெளியே வந்தார்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்கு வரமுடியாத ஜனங்கள் இருந்தார்கள். நடக்க முடியாதவர்கள், கூலியை விட்டுவிட்டு வரமுடியாதவர்கள், தொழுநோய் வந்ததால் ஊருக்குள்ளேயே விடாதவர்கள். "வராதவங்களுக்கு நான் என்ன செய்யறது?" என்று அவர் கேட்கவில்லை. மருந்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு, முதலில் மாட்டு வண்டியிலும் பிறகு மோட்டாரிலுமாக, குடியாத்தம் சாலையில் போவார். வழியில் மரத்தடிகளில் ஜனங்கள் காத்திருப்பார்கள். அங்கேயே பார்த்து, அங்கேயே கட்டுப்போட்டு, மருந்து கொடுத்து அடுத்த மரத்தடிக்குப் போவார். இந்தச் சாலையோர வைத்தியம்தான் எனக்கு அந்தக் கட்டடங்களைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கட்டடம் கட்டப் பணம் கொடுக்க ஆள் கிடைக்கும். நோயாளி எந்த மரத்தடியில் நிற்கிறாள் என்று போய்ப் பார்க்க மனசு வேண்டும்.

ஆனால் அவருக்குப் பெரிய சோதனை வந்தது அறுபத்தைந்து வயதுக்கு மேல்தான். 1930-களின் கடைசியில், மதராஸ் மாகாணத்தில் டாக்டராக இனி பழைய சான்றிதழ் படிப்பு போதாது, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு வேண்டும் என்று சட்டம் மாறியது. பட்டப்படிப்பு நடத்த வேண்டுமானால் பெரிய ஆஸ்பத்திரி, ஆய்வுக்கூடம், கூடுதல் பேராசிரியர்கள் எல்லாம் வேண்டும். இல்லையென்றால் பள்ளியை மூடவேண்டியதுதான். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மா, இரண்டாம் உலகப் போர் நடக்கும்போது, அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் மேடை ஏறிப் பணம் கேட்டார்.

பணம் கிடைப்பதற்கு ஒரு வழி தெரிந்தது. ஆண்களுக்கும் சேர்த்து நடத்தினால் பல சபைகளும் சங்கங்களும் ஒன்றாகக் கை கொடுக்கும். இதைக் கேட்டு அவருக்குப் பல வருஷம் துணை நின்ற அமெரிக்கப் பெண்களில் சிலர் கோபப்பட்டார்கள். "பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த காசு இது, இதில் ஆண்களைச் சேர்ப்பது துரோகம்" என்பது அவர்கள் கட்சி. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நம்ம கூட்டமைப்பில் நாளைக்கு ஆண்களைச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நாம் சும்மா இருப்போமா? நானே முதலில் எழுந்து சண்டை போடுவேன். ஆனால் ஐடா அம்மா தன்னிடமே ஒரு கேள்வி கேட்டிருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்: நான் ஆரம்பித்தது பெண்கள் கல்லூரி நடத்தவா, பெண்கள் சாகாமல் காப்பாற்றவா? கல்லூரி மூடிவிட்டால் இரண்டாவதும் போய்விடும். அவர் ஒப்புக்கொண்டார். 1942-ல் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது. 1947-ல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். பழைய சிநேகிதங்கள் சிலவற்றை அவர் இழந்தார். நோக்கத்தை இழக்கவில்லை.

அவரிடம் எல்லாமே அப்படியே பின்பற்றவேண்டியது என்று நான் சொல்லமாட்டேன். பல பத்தாண்டுகள் அவரே தலைமையில் இருந்தார். ஆரம்பித்தவர் என்பதால் அது நடந்தது, எல்லா இடத்திலும் அது சரிப்படாது. ஆனால் தனக்குப் பிறகு வருகிறவர்களை அவர் உருவாக்கி வைத்திருந்தார். 1948-ல் ஹில்டா லாசரஸ் என்கிற இந்தியப் பெண் டாக்டர் அந்த நிறுவனத்துக்கு இயக்குநராக வந்தார். விசாகப்பட்டினத்தில் பிறந்தவர், அரசாங்கத்தின் பெண்கள் மருத்துவப் பணியில் மிக உயர்ந்த பதவி வரை போனவர். ஐடா அம்மா 1960 வரை கொடைக்கானலில் உயிரோடுதான் இருந்தார். தன் நாற்காலியில் இன்னொருத்தி உட்கார்ந்து நடத்துவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று, பதவியில் இருந்து இறங்கிய நம்ம அக்காமார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அங்கே இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும். மேரி வர்கீஸ், கேரளத்துப் பெண், டாக்டர். 1954-ல் கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனது. எந்த ஆபீசாக இருந்தாலும், "பாவம், ஏதோ உதவித்தொகை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவோம்" என்றுதான் முடிவெடுப்பார்கள். அங்கே அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்து, அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வு கொடுக்கிற துறைக்கே தலைவியானார். உபயோகம் இல்லை என்று ஒதுக்கத் தோன்றுகிறவரிடம் உனக்கு என்ன முடியும் என்று கேட்டுப் பார்த்ததால் வந்த லாபம் அது. லாபம் என்றுதான் சொல்கிறேன், தர்மம் என்று சொல்லவில்லை.

தொழில் பக்கம் பற்றியும் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். நம்மில் பலர் வீட்டுக்கூரையில் மங்களூர் ஓடு இருக்கிறது. அந்த ஓட்டுத் தொழிலை 1865-ல் மங்களூரில் ஆரம்பித்தது பாசல் மிஷன் என்கிற கிறிஸ்தவ ஊழியச் சங்கம். ஊழியம் செய்ய வந்தவர்கள் ஓடு எதற்குச் சுட்டார்கள்? அவர்களோடு சேர்ந்த ஜனங்களைச் சாதிக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள், பிழைப்பு போய்விட்டது. அவர்களுக்கு வேலை கொடுக்க நெசவு, ஓடு என்று தொழில்கள் வந்தன. அதற்குள்ளேயே வாக்குவாதமும் நடந்தது. வேலைக்காகத்தான் ஜனங்கள் சபைக்கு வருகிறார்களோ, சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள் ஓட்டுக் கணக்கு பார்த்துக்கொண்டு உட்காரலாமா என்றெல்லாம். நல்ல வாக்குவாதம்தான். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஆள் இருக்கிறவரை தொழில் தன் இடத்தில் நிற்கும். கேட்கிற ஆள் போய்விட்டால் லாபமே எஜமானாகிவிடும்.

சரி. இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம்.

நம் தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் பன்னாட்டு நிதியுதவியோடு ஆரம்பித்தன. எதற்காக? வங்கி வாசலை மிதிக்க முடியாத பெண்ணுக்குக் கடன் கிடைக்கவேண்டும், கந்துவட்டிக்காரனிடம் போய் நிற்கக்கூடாது என்பதற்காக. நம்ம கூட்டமைப்பின் முதல் தீர்மானப் புத்தகத்தை நான் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். கோணல் மாணலான எழுத்து. கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கைநாட்டு. அதில் ஒரு வரி இருக்கிறது: நம்மில் கடைசியாக இருக்கிறவளுக்கும் கடன் கிடைக்க வழி செய்வது. இவ்வளவுதான் நம்ம நோக்கம். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

இன்று மதியம் வருகிற தீர்மானம் உங்களுக்குத் தெரியும். தொடர்ந்து தவணை தவறுகிற குழுக்களுக்கு இனி கூட்டமைப்புக் கடன் இல்லை, அந்தப் பணத்தை நன்றாகக் கட்டுகிற குழுக்களுக்குப் பெரிய தொகையாகக் கொடுக்கலாம் என்பது. கொண்டுவருகிற அக்காமார்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்குத்தான் வங்கி மேனேஜர் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது. வசூல் குறைந்தால் தரம் பிரிக்கும்போது மதிப்பெண் குறையும், அடுத்த வருஷம் எல்லாருக்குமே கடன் குறையும். "ஒழுங்கா கட்டற நாங்க ஏன் கஷ்டப்படணும்?" என்கிற கேள்வி நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் ஏழைகள், பாவம் என்று மட்டும் பேசுவது நாணயம் இல்லை.

அதனால் பேரேட்டை எடுத்து, தவணை தவறிய குழுக்களை மாதவாரியாகப் பார்த்தேன். கணக்கு எழுதுகிற தங்கச்சி இரண்டு நாள் என்னோடு உட்கார்ந்தாள். அந்தக் குழுக்களில் முக்கால்வாசி செங்கல் சூளைக்குப் போகிற பெண்களுடையவை. சூளை வேலை எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு போவார்கள். மழை ஆரம்பிக்கிற வரை அங்கேதான். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வாரத்துக்கு வாரம் சாப்பாட்டுக்கு மட்டும் செலவுக்காசு கையில் வரும். மொத்தக் கணக்கு முடிப்பது சீசன் கடைசியில். நாம் என்ன செய்கிறோம்? மாதம் பிறந்தால் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டு என்கிறோம். பிப்ரவரியில் தவறுகிறார்கள், மார்ச்சில் தவறுகிறார்கள், மே வரை தவறுகிறார்கள். ஊர் திரும்பின பிறகு பாருங்கள், ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஒரே தடவையில் மூன்று நான்கு தவணை கட்டியிருக்கிறார்கள். அதற்குள் நாம் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டோம்.

கட்டாதவர்களும் இருக்கிறார்கள். மறைக்கவில்லை. இரண்டு குழுக்கள் சூளைக்கும் போகவில்லை, கடனும் கட்டவில்லை, கூட்டமும் கூட்டவில்லை. பொறுப்பில் இருக்கிறவர்களே பணத்தை வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று உறுப்பினர்கள் அழுகிறார்கள். அங்கே கடனை நிறுத்திவிட்டு, தணிக்கை வைத்து, புதுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அன்பாக இருக்கிறேன் என்று அதைத் தள்ளிப்போடுவது அந்தக் குழுவின் மற்றப் பெண்களுக்குச் செய்கிற கொடுமை. ஆனால் அவர்களையும் சூளைக்குப் போகிறவளையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள்.

சூளைக்குப் போகிறவள் நம்ம காலத்தில் மரத்தடியில் நிற்கிறவள். ஆஸ்பத்திரி நேரத்துக்கு அவளால் வரமுடியவில்லை. வண்டி கட்டிக்கொண்டு நாம் போகவேண்டும். நம்ம நோக்கம் மாறவேண்டியதில்லை, தவணை அட்டவணைதான் மாறவேண்டும்.

ஆகவே மதியம் நான் ஒரு திருத்தத் தீர்மானம் கொண்டுவருகிறேன். இப்போதே வாசித்துவிடுகிறேன், சாப்பாட்டு நேரத்தில் பேசி யோசித்துக்கொள்ளுங்கள்.

சூளை வேலைக்குப் போகும் குழுக்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை வட்டி மட்டும், அதுவும் வாரச் செலவுக்காசில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அங்கேயே தங்கியிருக்கிற ஒரு உறுப்பினர் வசூலித்து வைப்பது. அசல் முழுவதும் ஜூலை முதல் நவம்பர் வரை ஐந்து தவணை. மாதத்துக்கு ஒருமுறை கூட்டமைப்பிலிருந்து இரண்டு பேர் சூளைக்கே போய்ப் பார்த்து வருவது. பஸ் செலவு கூட்டமைப்பு கொடுக்கும். கட்ட முடிந்தும் கட்டாத குழுக்களுக்கு மூன்று மாதத்தில் தணிக்கை. இந்த அட்டவணையை முன்கூட்டியே வங்கியில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்குவது. மேனேஜரைப் பார்க்கத் தலைவி அக்காவோடு நானும் வருகிறேன். ஒரு வருஷம் நடத்திப் பார்ப்போம். அடுத்த பொதுக்குழுவில் வசூல் விவரத்தை எல்லார் முன்னாலும் வாசிக்கவேண்டும். சரிப்படவில்லை என்றால் இன்று வந்திருக்கிற தீர்மானத்தையே அப்போது மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

முதல் மாதம் சூளைக்குப் போகிற இரண்டு பேரில் ஒருத்தி நான். இன்னொருத்தி யார் என்று மதியத்துக்குள் பேர் கொடுங்கள். தீர்மானத்தை வழிமொழியவும் ஒரு ஆள் வேண்டும்.